கையில் தூக்கிச் செல்லும் முதல் தொலைநோக்கி: வாங்குவது முதல் வானம் பார்ப்பது வரை

முதன்முதலாகத் தொலைநோக்கி வாங்க நினைப்பவர் கடையில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: இது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்? பல ஆண்டுகளுக்கு முன் நானும் அதையே கேட்டு, அட்டைப் பெட்டியின் மேல் ‘675 மடங்கு’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்த 60 மி.மீ. கருவி ஒன்றை வாங்கி வந்தேன். அன்றிரவு நிலவைத் தேடிப் பிடிக்கவே அரை மணி நேரமாயிற்று. பிடித்த பின்பும் குழாயின் மேல் விரல் பட்டால் போதும், நிலவு துள்ளிப் பார்வைக்கு வெளியே போய்விடும். கண்ணாடி வில்லையில் பெரிய குறை ஒன்றும் இருக்கவில்லை. அதைத் தாங்கி நின்ற மெல்லிய முக்காலிதான் வானத்தை என்னிடமிருந்து மறைத்தது. ஒரு மாதத்திற்குள் அந்தக் கருவி பரணுக்குப் போய்விட்டது.

ஆகவே, தொடக்கநிலையாளர் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு என்று உறுதியாகச் சொல்வேன். ஒன்று, ஒளியைச் சேகரிக்கும் வில்லை அல்லது ஆடியின் விட்டம். மற்றொன்று, அதைத் தாங்கும் அடிப்பகுதி எவ்வளவு அசையாமல் நிற்கிறது என்பது. பெருக்கம் இவற்றுக்குப் பிறகுதான் வருகிறது. கையில் தூக்கிச் செல்லும் கருவி என்னும்போது எடையைக் குறைக்கத் தயாரிப்பாளர்கள் முதலில் கை வைக்கும் இடமும் அந்த அடிப்பகுதியே என்பதால், இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும்.

வாங்குவதற்கு முன் ஒரு மாதம்

பணம் செலவழிக்கும் முன் ஒரு மாதம் வெறும் கண்ணால் வானத்தைப் பாருங்கள். தொலைநோக்கி காட்டும் வானப்பரப்பு மிகச் சிறியது. எங்கே திருப்ப வேண்டும் என்பது தெரியாதவர்க்கு அது இருட்டையே காட்டும். தமிழர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. நாட்காட்டியிலும் சாதகத்திலும் படித்துப் பழகிய 27 நட்சத்திரப் பெயர்களும் வானில் உண்மையாகவே உள்ள விண்மீன்கள், விண்மீன் கூட்டங்களின் பெயர்கள். கார்த்திகை என்பது சங்கப் புலவர்கள் அறுமீன் என்று அழைத்த கொத்து. ரோகிணி அதற்கு அருகே செம்மஞ்சளாக ஒளிரும் மீன். திருவாதிரை ஓரியன் என்னும் வேடனின் தோளில் உள்ள செம்மீன். சித்திரை, சுவாதி, கேட்டை ஆகிய மூன்றையும் கோடை இரவுகளில் நகரத்திலிருந்தே காணலாம். பெயரை மட்டும் அறிந்திருந்த இவற்றை நேரில் இனங்கண்டுகொண்டால், அவையே பின்னர் தொலைநோக்கிக்கு வழிகாட்டும் கைகாட்டி மரங்களாகிவிடும். ஸ்டெல்லேரியம் போன்ற ஒரு செயலியைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டால் இந்தப் பழக்கம் இன்னும் விரைவாகக் கைகூடும்.

வாய்ப்பிருந்தால் இந்த மாதத்தில் ஒரு பைனாகுலரைக் கடனாகவேனும் பெற்றுப் பாருங்கள். 10x50 என்றால் 10 மடங்கு பெருக்கம், 50 மி.மீ. விட்டம் என்று பொருள். கார்த்திகை போன்ற அகன்ற கூட்டங்களை அது பல தொலைநோக்கிகளை விட அழகாகக் காட்டும். தொலைநோக்கி வாங்கிய பிறகும் பைனாகுலர் வீணாகாது.

அடுத்து, கருவியை எங்கிருந்து எங்கே தூக்கிச் செல்லப் போகிறீர்கள் என்பதைத் தீர்மானியுங்கள். மூன்றாம் மாடி வீட்டிலிருந்து மொட்டை மாடிக்கா, இருசக்கர வண்டியில் ஊருக்கு வெளியேயா, பேருந்தில் சொந்த ஊருக்கா? ஒரே நடையில், ஒருவரே தூக்கிச் செல்ல முடியாத கருவி முதல் மாதத்துக்குப் பிறகு அரிதாகவே வெளியே வரும். குழாயும் தாங்கியும் சேர்ந்து 7 கிலோவுக்குள் இருப்பது நல்லது.

எண்களைப் படிக்கும் முறை

ஒவ்வொரு தொலைநோக்கியின் மேலும் இரண்டு எண்கள் எழுதப்பட்டிருக்கும். 130/650 என்றால் ஆடியின் விட்டம் 130 மி.மீ., குவியத் தொலைவு 650 மி.மீ. என்று பொருள். சேரும் ஒளி விட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். இருட்டில் நம் கண்மணி ஏறத்தாழ 7 மி.மீ. வரை விரிகிறது என்று கொண்டால், 70 மி.மீ. வில்லை கண்ணைப் போல் 100 மடங்கு ஒளியையும், 130 மி.மீ. ஆடி ஏறத்தாழ 345 மடங்கு ஒளியையும் திரட்டுகின்றன. விட்டம் இரட்டிப்பதற்குள் ஒளி மூன்றரை மடங்காகிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். விட்டத்தில் கூடும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் மதிப்புள்ளது.

பெருக்கம் என்பது குவியத் தொலைவைக் கண்ணருகு வில்லையின், அதாவது கடைகளில் ஐபீஸ் என்று அழைக்கப்படுவதன் குவியத் தொலைவால் வகுத்தால் கிடைப்பது. 650ஐ 25ஆல் வகுத்தால் 26 மடங்கு. 10ஆல் வகுத்தால் 65 மடங்கு. ஆகப் பெருக்கம் என்பது ஐபீஸை மாற்றினால் மாறிவிடும் ஒன்றே தவிர, தொலைநோக்கியின் நிலையான தகுதி அன்று. அதற்கு ஓர் எல்லையும் உண்டு: ஒரு மில்லிமீட்டர் விட்டத்துக்கு 2 மடங்கு என்பதே மிக நல்ல இரவிலும் தாக்குப்பிடிக்கும் அளவு. 60 மி.மீ. கருவிக்கு அது 120 மடங்கு. பெட்டியில் அச்சிடப்பட்ட 675 என்பது கணக்கில் மட்டுமே உண்டு; கண்ணில் தெரிவது மங்கிய ஒரு திட்டுதான். பெருக்கத்தை முதன்மையாக விளம்பரப்படுத்தும் எந்தக் கருவியையும் தயங்காமல் ஒதுக்கிவிடலாம்.

எந்த வகை?

வில்லையால் ஆனது ஒளிவிலகல் தொலைநோக்கி. 70/700 போன்ற நீண்ட குழாய்க் கருவி நிலவையும் கோள்களையும் கூர்மையாகக் காட்டும், பராமரிப்பும் குறைவு. 70/400, 80/400 போன்ற குட்டையானவை பையில் அடங்கும். ஆனால் நிலவின் விளிம்பிலும் வெள்ளியைச் சுற்றியும் ஊதா நிறக் கரை படியும். அகன்ற வானத்தைக் குறைந்த பெருக்கத்தில் பார்க்கவே அவை ஏற்றவை.

குழியாடியால் ஆனது நியூட்டன் வகைத் தொலைநோக்கி. அதே விலையில் அதிக விட்டம் கிடைப்பது இதில்தான். இங்கே இரண்டு செய்திகளைக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். குட்டையான குவியத் தொலைவுள்ள கருவியில் ஆடி பரவளைய வடிவில் கடையப்பட்டிருக்க வேண்டும். மலிவான கோள வடிவ ஆடி ஒளியை ஒரே புள்ளியில் குவிக்காது. மற்றொன்று, குழாயின் நீளம் ஒன்றரை அடிதான் இருக்கிறது, ஆனால் குவியத் தொலைவு 1000 மி.மீ. என்று எழுதியிருக்கிறது என்றால், உள்ளே கூடுதலாக ஒரு திருத்த வில்லை பொதிந்து வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். 114/1000 என்று பரவலாக விற்கப்படும் இந்த அமைப்பைச் சரிப்படுத்துவது அனுபவமுள்ளவர்களுக்கே கடினம். தொடக்கநிலையாளர் தவிர்த்துவிடுவதே நல்லது.

மக்சுதோவ் என்ற மூன்றாவது வகை, ஒளியைக் குழாய்க்குள்ளேயே மடித்து அனுப்புவதால் 1300 மி.மீ. குவியத் தொலைவையும் ஓரடிக்குள் அடக்கிவிடும். அடுக்குமாடி பால்கனியிலிருந்து நிலவையும் கோள்களையும் மட்டும் பார்க்க விரும்புபவருக்கு 90 அல்லது 102 மி.மீ. மக்சுதோவ் மிக நல்ல தேர்வு. பார்வைப் புலம் குறுகலாக இருப்பதால் மங்கிய விண்மீன் கூட்டங்களைத் தேடுவதற்கு அது பொறுமையைக் கேட்கும். ஐபீஸே இல்லாமல் கைப்பேசியில் படத்தைச் சேர்த்துக் காட்டும் தானியங்கிக் கருவிகளும் இப்போது வந்துள்ளன. நகர வானத்திலும் நெபுலாக்களை, அதாவது விண்வெளிப் புகைமண்டலங்களைப் பதிவு செய்யும் அவற்றின் திறமை பெரிது. ஆனால் சனியின் ஒளி நேராக உங்கள் கண்ணில் வந்து விழும் அனுபவம் அவற்றில் இல்லை என்பதால் முதல் கருவியாக நான் பரிந்துரைப்பதில்லை.

என் தேர்வு எது என்று கேட்டால், டாப்சோனியன் என்னும் எளிய பெட்டித் தாங்கியோடு மேசை மேல் வைக்கும் வகையில் 114 அல்லது 130 மி.மீ. நியூட்டன் தொலைநோக்கியைச் சொல்வேன். ஸ்கைவாட்சர் ஹெரிடேஜ் 130பி என்பது இவ்வகையில் உலகெங்கும் பழக்கமான மாதிரி. 130/650 அளவுள்ள பரவளைய ஆடி. குழாயின் மேற்பாதி உள்ளிழுக்கத்தக்கது. எடை சுமார் 6 கிலோ. இந்தக் கட்டுரையின் கணக்குகளை அந்த 130/650 அளவை வைத்தே தருகிறேன். வேறு கருவி வைத்திருப்பவர் தமக்குரிய எண்களைப் பொருத்திக்கொள்ளலாம்.

தாங்கியே பாதித் தொலைநோக்கி

தாங்கிகள் இருவகை. ஒன்று, இடவலமாகவும் மேல்கீழாகவும் திரும்புவது. மற்றொன்று, பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைக்கப்படும் நடுவரைத் தாங்கி. விண்மீன்களை ஒரே திருகால் பின்தொடரலாம் என்பதால் இரண்டாவது வகை உயர்ந்தது என்று எழுதியிருப்பார்கள். நம் ஊருக்கு அது பொருந்துவது கடினம். அதைச் சரியாக நிறுத்தத் துருவ மீனைக் காண வேண்டும். துருவ மீன் ஓர் ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு உயரத்தில்தான் தெரியும். சென்னையில் அது வடக்குத் தொடுவானத்துக்கு மேல் 13 பாகை, மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் 10 பாகை, கன்னியாகுமரியில் 8 பாகை. பக்கத்து வீட்டுத் தென்னை மரமோ தண்ணீர்த் தொட்டியோ அதை மறைத்துவிடும். குளிர்நாடுகளின் அட்சரேகையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட சில மலிவான நடுவரைத் தாங்கிகளை அவ்வளவு தாழ்வாகச் சாய்த்தால் எடைக்கல் முக்காலியின் காலிலேயே இடிக்கும். இவற்றோடு, எடைக்கல்லும் சேர்ந்து தூக்கும் சுமையைக் கூட்டிவிடுகிறது.

டாப்சோனியன் என்பது இடவலம், மேல்கீழ் திரும்பும் எளிய மரப்பெட்டித் தாங்கி. ராமகிருஷ்ண சங்கத்தைச் சேர்ந்த சான்பிரான்சிஸ்கோ வேதாந்த மடத்தில் 1967 வரை துறவியாக வாழ்ந்த ஜான் டாப்சன் என்பவரின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. கப்பல் சன்னலின் வட்டக் கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கி, அட்டைக் குழாயில் பொருத்தி, ஒட்டுப்பலகைப் பெட்டியில் ஏற்றித் தெருவோரத்தில் வைத்து, போகிறவர் வருகிறவர்க்கெல்லாம் நிலவைக் காட்டியவர் அவர். கருவி எளியதாக இருந்தால்தான் எல்லோரும் பார்க்க முடியும் என்பதே அந்த அமைப்பின் உயிர்நாடி.

மேசை டாப்சோனியனுக்கு உறுதியான ஒரு பீடம் தேவை. பிளாஸ்டிக் முக்காலியின் மேல் வைத்தால் மறுபடியும் நடுக்கம்தான். கைப்பிடிச் சுவரின் மேல் வைக்கவே கூடாது. ஒரு தவறான அசைவில் கருவி கீழே தெருவில் நிற்பவர் தலைமேல் விழக்கூடும். கனமான மர ஸ்டூல் நன்றாக இருக்கும். எனக்கு வாய்த்தவற்றுள் சிறந்த பீடம், ஊரில் பாட்டி வீட்டுக் கொல்லையில் பல ஆண்டுகளாகக் கவிழ்ந்து கிடந்த கல் உரல். அதன் அடிப்பரப்பு மேலே பார்த்திருக்க, ஒரு மணைப்பலகையை அதன்மேல் வைத்துத் தொலைநோக்கியை ஏற்றினேன். குழாயை விரலால் தட்டினேன். சனி ஒரு முறை அதிர்ந்து ஒரு நொடிக்குள் அசையாமல் நின்றுவிட்டது. எந்தக் கருவியையும் இப்படித் தட்டிச் சோதித்துப் பாருங்கள். அதிர்வு இரண்டு மூன்று நொடிக்குள் அடங்கினால் தாங்கி நன்று. ஐந்தைத் தாண்டினால் பீடத்தை மாற்றுங்கள். முக்காலி வைத்திருப்பவர்கள் கால்களை முழுவதும் நீட்டாமல், நடுத்தண்டிலிருந்து ஒரு மணல் பையைத் தொங்கவிட்டால் நடுக்கம் பெருமளவு குறையும்.

ஐபீஸ்கள்

ஐபீஸின் குழல் விட்டம் 1.25 அங்குலம் இருக்கட்டும், பழைய 0.965 அங்குல அளவுக்கு நல்ல ஐபீஸ்கள் கிடைப்பதில்லை. கருவியோடு வரும் 25, 10 மி.மீ. இரண்டுமே தொடக்கத்துக்குப் போதும். சில மாதங்கள் கழித்து 6 மி.மீ. அகன்ற புல ஐபீஸ் ஒன்றை வாங்கினால் 108 மடங்கு கிடைக்கும். கோள்களுக்கு அது நல்ல அளவு. பெருக்கத்தைக் கூட்டுவதற்கென்று பெட்டிக்குள் இலவசமாக வரும் பிளாஸ்டிக் பார்லோ வில்லையை மறந்துவிடலாம்.

பகலிலேயே செய்ய வேண்டியவை

கருவி வந்த அன்றே இரவில் மாடிக்கு ஓடாதீர்கள். பகலில், சூரியனுக்கு எதிர்த்திசையில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோயில் கோபுரத்தின் கலசத்தையோ கைப்பேசிக் கோபுரத்தின் உச்சியையோ 25 மி.மீ. ஐபீஸில் பிடியுங்கள். குமிழைத் திருகிக் காட்சியைத் தெளிவாக்குங்கள். கலசம் தலைகீழாகத் தெரிந்தால் அஞ்ச வேண்டாம். நியூட்டன் தொலைநோக்கியின் இயல்பு அது. பின்னர், குழாயின் மேலுள்ள, பொருளைக் குறிவைக்க உதவும் சிவப்புப் புள்ளிக் காட்டியின் திருகுகளைத் திருப்பி, அதே கலசத்தின் மேல் புள்ளி சரியாக விழும்படி செய்யுங்கள். ஐந்து நிமிட வேலைதான். இதைச் செய்யாமல் விட்டவர்களே இரவில் ஒரு மணி நேரம் தேடிச் சோர்ந்து போகிறார்கள்.

சூரியனைப் பற்றி இங்கேயே சொல்லியாக வேண்டும். தொலைநோக்கி வழியாகச் சூரியனைப் பார்த்தால் நொடிப்பொழுதில் விழித்திரை எரிந்துபோகும், வலிகூடத் தெரியாது. கிரகணக் கண்ணாடியை அணிந்துகொண்டு தொலைநோக்கியில் பார்ப்பதும் அதே கேட்டை விளைவிக்கும். சில பழைய கருவிகளோடு வரும், ஐபீஸில் திருகும் சிறிய கருங்கண்ணாடி வெப்பத்தால் விரிசல் விடக்கூடியது. கண்டால் உடனே எறிந்துவிடுங்கள். குழாயின் வாய் முழுவதையும் மூடும், இதற்கென்றே செய்யப்பட்ட சூரிய வடிகட்டி மட்டுமே பாதுகாப்பானது. குழந்தைகள் உள்ள வீட்டில் தொலைநோக்கியைப் பகலில் மூடியின்றி வெளியே வைக்கவே கூடாது.

முதல் இரவு

முதல் இரவுக்கு நிலவைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் பௌர்ணமியை அல்ல. முழுநிலவில் சூரிய ஒளி நேராக விழுவதால் நிழலே இல்லாமல் எல்லாம் தட்டையாகத் தெரியும். வளர்பிறைப் பஞ்சமி முதல் தசமி வரையே சிறந்த நாட்கள். அஷ்டமியன்று ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டை ஒட்டிப் பள்ளங்களின் விளிம்புச் சுவர்கள் நீண்ட நிழலை வீசிக்கொண்டு நிற்கும். நவமியை ஒட்டி 93 கிலோமீட்டர் அகலமுள்ள கோப்பர்னிக்கஸ் பள்ளத்தின் மேல் சூரியன் உதிக்கும். அதன் படிப்படியான உட்சுவர்களை 65 மடங்கில் எண்ணிப் பார்க்கலாம். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கிய இடம் தெரியுமா என்று பிள்ளைகள் தவறாமல் கேட்பார்கள். அது தென்துருவத்தை நோக்கிய பகுதி. அந்த வட்டாரத்தைக் காட்டலாம், விக்ரம் கலத்தைக் காட்ட முடியாது. 130 மி.மீ. ஆடியால் நிலவில் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய அளவே ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல்.

சூரியன் மறைந்ததும் கருவியை வெளியே வைத்து அரை மணி நேரம் விடுங்கள். அறையின் வெப்பத்திலிருந்து ஆடி வெளிக்காற்றுக்குப் பழக வேண்டும். நம் மொட்டை மாடியில் வேறொரு சிக்கலும் உண்டு: பகலெல்லாம் வெயிலில் காய்ந்த தளம் இரவு ஒன்பது பத்து மணி வரை சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும், மேலெழும் சூடான காற்றில் கோள்களின் உருவம் ஓடும் நீருக்கடியில் கிடக்கும் காசைப் போல நெளியும். மாலையில் தளத்தில் தண்ணீர் தெளித்துவிடுங்கள். கோள்களைப் பின்னிரவுக்கு ஒத்திவையுங்கள். புல்தரையோ மண்தரையோ கிடைத்தால் அது இன்னும் மேலானது. விண்மீன்கள் மிகுதியாக மின்னும் இரவு கோள்களுக்கு உகந்ததன்று.

எப்போதும் 25 மி.மீ. ஐபீஸில் தொடங்குங்கள். அது காட்டும் வானம் 2 பாகைக்குச் சற்றுக் குறைவு, அதாவது நான்கு முழுநிலவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிய அகலம். பொருள் நடுவுக்கு வந்த பிறகே 10 மி.மீ.க்கு மாறுங்கள். பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால் 65 மடங்கில் ஒரு விண்மீன் மூன்று நிமிடத்தில் புலத்தைக் கடந்துவிடும். அது நகரும் திசையில் குழாயை மெல்லத் தள்ளிக்கொண்டே வர வேண்டும். தலைகீழ்க் காட்சி காரணமாகக் கை முதலில் தவறான பக்கம் போகும். இரண்டு மூன்று இரவுகளில் பழகிவிடும். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள், கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ மட்டும் இருந்தால், அதைக் கழற்றிவிட்டுக் குமிழைத் திருகித் தெளிவாக்கிக்கொள்ளலாம். ஆஸ்டிக்மாட்டிசம் என்னும் பார்வைக் குறை உள்ளவர்களுக்குக் கண்ணாடி தேவைப்படும்.

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். கைப்பேசியின் வெள்ளைத் திரை அதை ஒரே நொடியில் கெடுத்துவிடும். டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாகக் கட்டிப் பயன்படுத்துங்கள். மங்கிய பொருளை நேராக உற்று நோக்காமல் அதற்குச் சற்றுப் பக்கத்தில் பார்வையை நிறுத்தினால் அது பளிச்சென்று எழும். விழித்திரையின் ஓரப்பகுதிக்கே மங்கிய ஒளியை உணரும் திறன் அதிகம்.

ஆடிகளை நேர்ப்படுத்துதல்

நியூட்டன் தொலைநோக்கியை வண்டியில் கொண்டுபோனால் ஆடிகள் சற்று விலகும். பிரகாசமான விண்மீன் ஒன்றை 10 மி.மீ. ஐபீஸின் நடுவில் வைத்து, குமிழைத் திருகித் தெளிவைக் கெடுங்கள். விண்மீன் விரிந்து உளுந்து வடையைப் போல நடுவில் கருந்துளையுடன் ஒரு வட்டமாகும். துளை வடையின் நடுவில் இருந்தால் ஆடிகள் நேராக உள்ளன. ஓரமாக ஒதுங்கியிருந்தால் குழாயின் அடியிலுள்ள மூன்று திருகுகளில் ஒன்றை மிகச் சிறிதளவு, எட்டில் ஒரு சுற்றுக்கு மேற்படாமல் திருப்புங்கள். விண்மீன் புலத்தில் நகர்ந்துவிடும். மறுபடியும் நடுவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். துளை நடுவை நோக்கி வந்திருந்தால் அதே திருகைத் தொடருங்கள், விலகியிருந்தால் எதிர்ப்பக்கம் திருப்புங்கள். முதல் முறை கை நடுங்கும். ஆடி உடைந்துவிடுமோ என்ற அச்சம் எல்லோருக்கும் வரும். அந்தத் திருகுகள் இதற்காகவே வைக்கப்பட்டவை.

பனி, பூஞ்சை, தூசு

மார்கழிப் பனியில் வில்லை நனைந்துபோகும். கறுப்பு சார்ட் தாளைக் குழாயின் வாயைச் சுற்றி ஓரடி நீளம் வெளியே நீளும்படி சுற்றினால் பனி தாமதமாகும். உள்ளிழுக்கும் குழாயுள்ள கருவியில் திறந்திருக்கும் பகுதியைச் சுற்றியும் அதே தாளைக் கட்டினால் தெருவிளக்கின் ஒளி உள்ளே புகாது. நனைந்த கண்ணாடியைத் துணியால் துடைக்காதீர்கள். வீட்டுக்குள் மூடியின்றி வைத்து, முழுக்க உலர்ந்த பிறகே மூடுங்கள். ஈரத்தோடு மூடிவைத்த வில்லையில் நம் கடலோர ஊர்களில் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை படர்ந்துவிடும், அதன் வேர் கண்ணாடிப் பூச்சை அரித்துவிட்டால் மீட்கவே முடியாது. ஐபீஸ்களைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஆடியில் படியும் தூசு காட்சியைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. துடைத்தால் ஏற்படும் கீறல்தான் கெடுக்கும்.

எதை, எப்போது பார்ப்பது

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை முதல் வைகாசி வரையே தமிழ்நாட்டில் தொலைநோக்கிக்கு நல்ல காலம். கோள்கள் ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும். செயலியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். வியாழனின் நான்கு நிலவுகளை 1610 ஜனவரியில் கலிலியோ சுமார் 20 மடங்குக் கருவியில் கண்டார். உங்கள் 26 மடங்கு ஐபீஸ் அதைவிடச் சற்று வலியது. இரண்டு இரவுகள் தொடர்ந்து அவற்றின் இடத்தை நோட்டில் புள்ளி வைத்து வரைந்தால் அவை வியாழனைச் சுற்றி வருவது உங்களுக்கே புலப்படும். சனியின் வளையம் 2025 மார்ச்சில் விளிம்பை நம் பக்கம் திருப்பிக்கொண்டு மெல்லிய கோடாகிவிட்டது; அது ஆண்டுதோறும் விரிந்து 2032 வாக்கில் முழு அகலத்தையும் காட்டும். இப்போது தொடங்குபவர்கள் அந்த விரிவை முழுவதும் தொடர்ந்து காணும் பேறு பெற்றவர்கள்.

தை, மாசி மாதங்களில் கார்த்திகைக் கொத்தையும், ஓரியனின் மூன்று இடைவார் மீன்களுக்குக் கீழே உள்ள நெபுலாவையும் பாருங்கள். சுமார் 1,350 ஒளியாண்டுத் தொலைவில் விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் அந்தப் புகைமண்டலத்தின் நடுவில், நெருங்கி நிற்கும் நான்கு மீன்கள் 65 மடங்கில் தனித்தனியாகத் தெரியும். பங்குனியில் பூசம் உச்சியை நெருங்கும். அங்கே உள்ள தேன்கூட்டுக் கொத்துக்கு 25 மி.மீ. ஐபீஸே ஏற்றது. இருண்ட வானம் வேண்டுபவர்கள் அமாவாசை வாரத்தில் மலையடிவாரங்களுக்குச் செல்லலாம். ஜவ்வாது மலையில் காவலூரை வானியலாளர் வைணு பாப்பு 1960களில் வான் ஆய்வகத்துக்காகத் தேர்ந்தெடுத்ததற்கு, இருண்ட வானத்தோடு தென்வானம் நன்கு தெரியும் அட்சரேகையும் ஒரு காரணம். மொட்டை மாடியில் நிற்கும் நமக்கும் அந்த அட்சரேகை சொந்தம்.

அதை முழுமையாக உணர்த்தும் ஓர் இரவு மே மாத நடுவில், பத்து மணியளவில் வருகிறது. முதலில் வடக்கே திரும்புங்கள். சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைவில், தொடுவானுக்கும் உச்சிக்கும் நடுவே வசிட்டரும் அருந்ததியும் நிற்பார்கள். திருமணத்தில் காட்டப்படும் அதே இணை. சங்கப் பாடல்களின் வடமீன். 26 மடங்கில் இருவரும் நன்றாகப் பிரிந்து நிற்பார்கள். 65 மடங்குக்கு மாற்றினால் வசிட்டரே ஒருவர் அல்லர், நெருங்கிய இரண்டு மீன்கள் என்பது தெரியும். தொலைநோக்கியால் முதன்முதலில் கண்டறியப்பட்ட இரட்டை விண்மீன் இதுவே. பின்னர் அப்படியே உச்சியைத் தாண்டித் தெற்கே வாருங்கள். வழியில் சித்திரை வெண்ணீலமாக ஒளிரும். சித்திரையிலிருந்து நேர் கீழே, நீட்டிய கையின் முட்டி மூன்றரை அளவு இறங்கினால், நகரத்துக்கு வெளியே வெறும் கண்ணுக்கே மங்கிய ஒரு மீன் போலத் தெரியும். ஒமேகா சென்டாரி என்பது அதன் பெயர். லண்டனில் அது ஒருபோதும் உதிப்பதில்லை. மதுரையில் 32 பாகை உயரம் ஏறுகிறது. 25 மி.மீ. ஐபீஸில் அது பஞ்சு உருண்டை. 10 மி.மீ.க்கு மாற்றி, மூச்சைச் சீராக்கி, பார்வையைச் சற்றுப் பக்கத்தில் நிறுத்துங்கள். இரண்டு மூன்று நிமிடங்களில் அந்தப் பஞ்சு ரவை ரவையாக உதிரத் தொடங்கும். ஒவ்வொரு ரவையும் 17,000 ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள ஒரு சூரியன்.